பாண்டியனுக்கு ஏன் நைட் இல்லை?

(ஒலிப்பதிவிலிருந்து சுருக்கி, திருத்தி எழுதப்பட்டது.)

இந்த எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விக்குத்தான். பல பேர் வேற வேற மாதிரி கேட்டிருந்தீங்க. எனக்குப் பிடிச்சது எங்க ஊர்ப் பையன் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் நோட்: "அண்ணே, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல நம்ம ஆளுகளுக்கு ஏன் நைட் கிடையாது? சோழன் பாண்டியன் எல்லாம் நடந்தேவா போய்ச் சண்டை போட்டாங்க?"

அந்தக் கோபம் எனக்குப் புரியுது. நானும் தூத்துக்குடிதான். விளையாடாதவங்களுக்கு ஒரு வரியில் சொல்லிடறேன். நைட்னா கவசம் போட்ட குதிரைவீரன். விலை ஜாஸ்தி, வேகம் ஜாஸ்தி. இருபது நைட்டைச் சேர்த்து எதிராளி ஊருக்குள்ள விட்டா, அந்தச் சத்தத்துக்கே ஒரு திருப்தி இருக்கு. அது நம்ம ராஜாவுக்கு மட்டும் இல்லைன்னா கடுப்பாகும்தான். ஆனா அந்த விதி சரியா தப்பான்னு பார்க்கப் போனா, கதை நேரா கொற்கைக் கரையில் வந்து நிக்குது.

அதுக்கு முன்னாடி, கற்பனை ராஜ்ஜியம் ஒண்ணைப் பார்த்துட்டு வந்துடுவோம். வார்ஹாமர்னு ஒரு விளையாட்டு. 1983இல் இங்கிலாந்தில் ஆரம்பிச்சது. சின்னச் சின்ன பொம்மை வீரர்களை நாமளே பெயின்ட் பண்ணி, மேசையில அடுக்கி, பகடை உருட்டி சண்டை போடணும். அதுல பிரெட்டோனியான்னு ஒரு நாடு. ஆர்தர் ராஜா கதையையும் பழைய பிரான்ஸையும் கலந்து செஞ்சது. படையே குதிரைவீரர்கள்தான். 1996இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்த புத்தகத்தில் இவங்களுக்கு ஒரு தனி அணிவகுப்பு கொடுத்தாங்க. ஈட்டிமுனை மாதிரி கூராகப் போய்ப் பாயுற அணி. பாய்ஞ்சா பக்கவாட்டில் இருக்கிறவனும் சேர்ந்து அடிப்பான்.

அடுத்து, 2000களின் தொடக்கத்தில் ஆறாம் பதிப்பு. ஈட்டி அணி இருக்கு, ஆனா மூணு மூணு பேரா வரிசை. கூடவே எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விதி. சண்டைக்கு முன்னாடி நைட்டுகள் மண்டி போட்டு தங்கள் தேவியைக் கும்பிடலாம். கும்பிட்டா அவளோட காவல் கிடைக்கும். ஆனா நீ கும்பிட்டுக்கிட்டு இருக்கிற நேரத்துல எதிராளி முதல் ஆட்டத்தை எடுத்துக்கலாம். சவாலுக்குக் கூப்பிட்டும் போகாம பின்வாங்கினா காவல் போயிடும். பக்திக்கும் வீரத்துக்கும் இப்படி ஒரு விலைச்சீட்டு. அதே பதிப்பில் ஏழைக் குடியானவங்களும் படையில நிப்பாங்க. பக்கத்துல நைட் இருந்தாத்தான் அவங்களுக்குத் தைரியம்.

ஏழாம் பதிப்பு, எட்டாம் பதிப்பு ரெண்டும் இவங்களுக்குப் புதுப் புத்தகமே இல்லாமப் போச்சு. பழசை வெச்சே பத்து வருஷத்துக்கு மேல ஓட்டினாங்க பாவம். 2015இல் அந்த உலகத்தையே கம்பெனி கதையில அழிச்சிட்டு வேற விளையாட்டு ஆரம்பிச்சது. 2024 ஜனவரியில் 'தி ஓல்ட் வேர்ல்ட்'னு திரும்ப வந்தப்போ, முதல்ல வந்த ரெண்டு படையில ஒண்ணு பிரெட்டோனியா.

எந்தப் பதிப்பை எடுத்தாலும் அணிவகுப்பு மாறும், சபதம் மாறும், பாயின்ட் மாறும். மாறாதது ஒண்ணு. குதிரை எங்கேயிருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நைட் இருந்தா குதிரையும் இருக்கும், அவ்வளவுதான். ஐரோப்பியக் கற்பனைக்குக் குதிரை ஒரு கேள்வியே இல்ல.

சரி, இப்போ நம்ம விஷயம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999இல். அப்போ இந்தியாவே அதில் கிடையாது. 2013இல் 'தி ஃபர்காட்டன்' விரிவாக்கத்தில் 'இந்தியன்ஸ்'னு ஒரு நாகரிகம் வந்தது. மொத்தத் துணைக்கண்டத்துக்கும் ஒரே பேர், ஒரே படை. நைட் கிடையாது. அதுக்குப் பதிலா ஒட்டகம், வேற யாருக்கும் இல்லாத உசத்தி ஒட்டகம். ராஜராஜ சோழனா நினைச்சுக்கிட்டு ஒட்டகப்படை கட்டினவங்க இதைக் கேக்கறீங்கன்னு தெரியும். அந்த ஆறு வருஷமும் நானும் கட்டினேன். 2019இல் டெஃபினிட்டிவ் எடிஷன் வந்தப்போவும் அதே கதைதான்.

2022 ஏப்ரலில் 'டைனாஸ்டீஸ் ஆஃப் இந்தியா'. பழைய இந்தியன்ஸ் ஒட்டகத்தோட ஹிந்துஸ்தானியா மாறினாங்க. புதுசா மூணு பேர்: கூர்ஜரர், வங்காளிகள், திராவிடியன்ஸ். கடைசி ஆள் நாமதான். வீரர்களைத் தட்டினா தமிழ் பேசுவாங்க. ராஜேந்திர சோழன் பேர்ல ஒரு கேம்பெயினே இருக்கு. நாலு பேரில் யாருக்குமே நைட் கிடையாது, அது வேற விஷயம். ஆனா நம்ம லாயம்தான் இருக்கிறதிலேயே பரிதாபம். சாதாரணக் குதிரைவீரன் ஒருத்தன், ஒரு யானை. 'பிளட்லைன்ஸ்', அதாவது நல்ல ரத்தமுள்ள குதிரை வளர்க்கிற வித்தை, நமக்கு இல்லை. 'ஹஸ்பண்ட்ரி', குதிரை பராமரிப்பு, அதுவும் இல்லை.

அதுக்குப் பதிலா என்ன கொடுத்தாங்கன்னு பாருங்க. நல்ல கப்பல். மீன்பிடி படகுல கூடுதல் சுமை. உருக்குக் கத்தி கவசத்தைத் துளைச்சுக்கிட்டுப் போகும். யானைக்கு வைத்தியம், அடிபட்ட யானை தானாகவே தேறிக்கும். உறுமி வாள் வீசுற வீரன் ஒருத்தன். (உறுமியை எல்லாரும் ஒரு படைப்பிரிவா வீசிக்கிட்டு வந்தா முதல்ல பக்கத்துல நிக்கிறவன் கழுத்துதான் போகும், அதை விடுங்க.)

யானைக்கு டாக்டர் இருக்கான், குதிரைக்கு இல்ல. இதை எழுதினவங்க என்ன படிச்சுட்டு எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க கடற்கரைக்கு வந்த ஒரு வெனிஸ் வியாபாரி கிட்டத்தட்ட இதையேதான் எழுதி வெச்சிருக்கார்.

இடத்தைக் கொஞ்சம் மனசில் வாங்கிக்கோங்க. கொற்கை இப்போ ஏரல் பக்கத்துல ஒரு கிராமம். போய் நின்னா வயலும் வாழையும்தான் தெரியும். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி அது தாமிரபரணி கடலில் சேருற இடத்துல இருந்த பாண்டியர் துறைமுகம். கிரேக்க மாலுமிகள் கொல்கை என்று எழுதி வெச்ச ஊர். முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' இங்கே முத்துக்குளிக்க இறக்கிவிடப்பட்டவங்க தண்டனைக் கைதிகள்னு சொல்லுது. ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி கொற்கையைக் கடலிலிருந்து பிரிச்சிடுச்சு. துறைமுகம் கிழக்கே நகர்ந்து காயலுக்குப் போச்சு. இன்னைக்குப் பழையகாயல். உப்பளம் இருக்கு, அணுசக்தித் துறையோட சிர்கோனியம் ஆலை இருக்கு. அந்தக் காயலுக்குத்தான் 1292, 93 வாக்கில் மார்கோ போலோ வந்தார்.

அவர் சொல்றது இது. இந்த நாட்டை அஞ்சு அண்ணன் தம்பிகள் ஆளுறாங்க. ஒவ்வொருத்தரும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல வாங்குறாங்க. ஹோர்முஸ், கிஷ் தீவு, தோஃபார், ஏடன், இங்கேயிருந்தெல்லாம் கப்பல் வருது. ஒரு குதிரை விலை 500 சாஜ்ஜி பொன், அதாவது 100 மார்க் வெள்ளிக்கும் மேல. வருஷக் கடைசியில 100 குதிரைகூட உயிரோட மிஞ்சாது. ஏன்னா குதிரையை எப்படிப் பார்த்துக்கணும்னு இங்கே யாருக்கும் தெரியாது. சோறும் கறியும் வேகவெச்சுப் போடுறாங்க. நல்ல ஆண் குதிரையும் நல்ல பெண் குதிரையும் சேர்ந்தாலும் பிறக்கிற குட்டி கால் கோணிப்போய், சவாரிக்கு உதவாம இருக்கு.

பிளட்லைன்ஸ் இல்ல, ஹஸ்பண்ட்ரி இல்ல. அப்படியே இருக்கா?

இதுல முக்கியமான வரி இன்னொண்ணு. குதிரை விக்கிற வியாபாரிகள் குதிரை வைத்தியன் யாரையும் இந்தப் பக்கம் வர விடுறதில்லை, குதிரை சாகுறதுல அவங்களுக்குச் சந்தோஷம்தான்னு எழுதுறார். யோசிச்சுப் பாருங்க. சர்வீஸ் சென்டரே திறக்காம போன் மட்டும் விக்கிற கம்பெனி. உடைஞ்சா புதுசு வாங்கிக்கோ.

போலோ கொஞ்சம் அளந்துவிடுற ஆளுதான், நானும் ஒத்துக்கறேன். ஆனா இன்னொரு சாட்சி இருக்கு. வஸ்ஸாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர், கிட்டத்தட்ட அதே காலம். கிஷ் தீவை வெச்சிருந்த ஜமாலுத்தீனுக்கும் பாண்டியருக்கும் ஒப்பந்தம்: வருஷம் 1,400 குதிரை, தலைக்கு 220 தினார் செம்பொன். வர்ற வழியில கடலிலேயே குதிரை செத்தாலும் காசு கொடுத்தாகணும். ஜமாலுத்தீனோட தம்பி தகியுத்தீன் காயல் உட்பட மூணு துறைமுகத்தைக் கையில வெச்சிருந்தார். அதாவது விக்கிறவனும் அண்ணன், இங்கே இறக்கி வாங்குறவனும் தம்பி. அதுக்கு முந்தின தலைமுறையில எல்லா ஊர்லேயிருந்தும் சேர்த்து வருஷத்துக்கு 10,000 குதிரை போச்சு, மொத்தம் 22 லட்சம் தினார்னு அவர் கணக்கு சொல்றார். போலோவோட அஞ்சு ராஜாவையும் ரெண்டாயிரத்தையும் பெருக்குங்க. அதே பத்தாயிரம்தான் வருது.

தீனியைப் பத்தி வஸ்ஸாஃபும் தலையில அடிச்சுக்கறார். பச்சைப் பார்லிக்குப் பதிலா வறுத்த பார்லி, நெய்யில தாளிச்ச தானியம், குடிக்கக் காய்ச்சின பசும்பால். பாசத்துல கொன்னிருக்காங்க. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்கு வைக்கிற விருந்தை லாயத்துல வெச்சா எந்தக் குதிரை தாங்கும்? அதோட சேர்த்து நம்ம கடற்கரைப் புழுக்கம்.

இப்போ பையனோட கேள்விக்குப் பாதி பதில் வந்துடுச்சு. பாண்டியன் நடந்து போகல. குதிரை இருந்தது, ஏராளமா இருந்தது. வளர்க்கத்தான் முடியல. விளையாட்டு இதில் பாதியை ரொம்பச் சரியாப் பிடிச்சிருக்கு, மறுபாதியை விட்டுடுச்சு. 'குதிரை வளர்க்கத் தெரியாதவன்' என்பதை 'குதிரை இல்லாதவன்' என்று ஆக்கிடுச்சு. வாங்குறதுக்கு அங்கே பொத்தானே கிடையாது. உலகத்துலேயே அதிகமா குதிரை வாங்கின ராஜாக்களில் ஒருத்தர்கிட்ட இருந்த ஒரே பெரிய பலம் வாங்குற பலம்தான், அது விதியில இல்லை.

வாங்குற பலம் எங்கேயிருந்து வந்துச்சு? இங்கேதான் எனக்கு இந்த விஷயம் விளையாட்டாத் தெரியாமப் போகுது.

போலோ இதே கரையில முத்துக்குளிப்பையும் பார்க்கிறார். ஏப்ரல்லேருந்து மே பாதி வரைக்கும்தான் சீசன். முங்குறவங்க மூச்சுப் பிடிக்கிற வரைக்கும் கீழே இருந்து சிப்பியை அள்ளிக்கிட்டு வர்றாங்க. கிடைச்சதுல பத்துல ஒரு பங்கு ராஜாவுக்கு. சுறா வராம மந்திரத்துல கட்டிவைக்கிற ஆளுக்கு இருபதுல ஒரு பங்கு. ஒரே காயல் துறையிலதான் முத்து ஏறுது, குதிரை இறங்குது. முத்து மட்டுமா? அந்தக் குதிரைக் காசு கோயில் நிலத்து வருமானத்திலிருந்தும், கோயிலைச் சேர்ந்த தாசிகள் கட்டுற வரியிலிருந்தும் போகுதுன்னு வஸ்ஸாஃப் எழுதறார்.

ஆக, ஒரு பாண்டியக் குதிரைவீரனுக்கு அடியில நிக்கிறது குதிரை மட்டும் இல்லை. முங்குறவன் மூச்சு இருக்கு, குத்தகை நெல் இருக்கு, கோயிலில் ஆடினவ கட்டின வரி இருக்கு. அவ்வளவையும் கொட்டி வாங்கினது அடுத்த வருஷம் இருக்காது. பிரெட்டோனியாவில் குடியானவன் மேசை மேலயாவது நிக்கிறான். நம்ம பதிப்பில் முத்துக்குளிக்கிறவனுக்கு பொம்மையே இல்லை.

இந்த நஷ்டத்தை அந்தக் காலத்து ஆட்கள் கவனிக்காம இல்லைன்னு நினைக்கிறேன். மாணிக்கவாசகர் கதை உங்க எல்லாருக்கும் தெரியும். பாண்டிய மந்திரி, கஜானாப் பணத்தோட குதிரை வாங்கப் போறார். பணம் முழுக்கத் திருப்பெருந்துறையில கோயில் வேலைக்குப் போயிடுது. சிவபெருமானே குதிரைச் சேவகனா வந்து, நரியையெல்லாம் குதிரையாக்கி மதுரையில கொண்டுவந்து கட்டுறார். ராத்திரி எல்லாம் திரும்ப நரியாகி ஊளையிட்டுக்கிட்டு ஓடிடுது. பக்திக் கதைதான், அதுல எனக்கு வம்பு இல்லை. ஆனா ஒரு கணக்குப்பிள்ளையா அதைப் படிங்க. சாயங்காலம் காசு கொடுத்து ரசீது வாங்கின குதிரை காலையில லாயத்துல இல்லை. ராஜா யாரைப் பிடிச்சு வெயில்ல நிறுத்துறான்? வாங்கப் போன அதிகாரியை. கிடைக்காத பொருளுக்கு நாம 'குதிரைக்கொம்பு'ன்னு சொல்றோம். இந்தக் கரையில குதிரையே கொம்புதான்.

கதையோட கடைசி இன்னும் மோசம். 1311இல் மாலிக் கஃபூர் மதுரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறார். கொண்டுபோன குதிரை எத்தனை? கூட இருந்தவங்க சொன்னதைக் கேட்டு எழுதின அமீர் குஸ்ரோ 5,000ன்னு சொல்றார். பின்னால எழுதின பரணி 20,000ன்னு சொல்றார். யானை 512ஆ 612ஆன்னும் ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகல. வழியில மத்த ராஜ்ஜியங்களில் எடுத்ததும் இதுல சேர்ந்திருக்கும். எப்படி இருந்தாலும், வருஷக் கடைசியில 100 கூட மிஞ்சாதுன்னு போலோ சொன்னதோட இது சேரவே மாட்டேங்குது. என் அபிப்பிராயம், போலோ கேட்டது காயலில் வியாபாரிங்க பேசின பேச்சு. 'எல்லாம் செத்துப் போயிடும், அடுத்த வருஷமும் வாங்குவாங்க'ன்னு அவங்க பெருமையடிச்சிருப்பாங்க. நிறைய செத்தது உண்மை, எல்லாமே செத்தது வியாபாரப் பேச்சு.

அப்போ நியாயமான விதி எப்படி இருக்கணும்? நாங்க நாலு பேர் சேர்ந்து ஒண்ணு எழுதிப் பார்த்தோம். கம்ப்யூட்டர்ல இல்ல, மேசையில. ஒரு இடைக்காலச் சண்டை விளையாட்டுல பாண்டியர் படைன்னு சேர்த்தோம். லாயத்தை எடுத்துட்டோம். குதிரை துறைமுகத்துல மட்டும் வரும். காசு முன்கூட்டியே கட்டணும். கப்பல் முழுகினாலும் காசு திரும்ப வராது, இது வஸ்ஸாஃப் விதி. முத்து வருமானம் பன்னிரண்டு சுற்றில் ரெண்டே ரெண்டு சுற்றுக்குத்தான். குதிரை வந்த பிறகு ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒவ்வொரு குதிரைப் பிரிவுக்கும் பகடை போடணும். 1, 2, 3 விழுந்தா அந்தப் பிரிவு போச்சு. சண்டையே போடாம நின்னாலும் சரி.

பாண்டியனா விளையாடினது என் தம்பி முறை பையன். பிரெட்டோனியா மாதிரி நைட் படையோட எதிர்ல நான். முதல் ஆட்டத்தில் அவன் காசு முழுக்கக் குதிரையில போட்டான். மூணாவது சுற்றில் என்கிட்ட வந்து சேர்றதுக்குள்ள பாதி போச்சு. "ஏலே, இது படையால, ஆஸ்பத்திரியால?"ன்னு கத்தினான். ரெண்டாவது ஆட்டத்தில் ஆள் மாறிட்டான். குதிரை வந்து இறங்கின அதே சுற்றில் பாயவிட்டான். பகடை போட நேரமே கொடுக்கல. மேசையில அப்படி ஒரு வெறியான பாய்ச்சலை நான் பார்த்ததில்லை. சாகப்போறது நிச்சயம்னா யாரும் லாயத்துல கட்டிவெச்சு அழகு பார்க்க மாட்டான் போல. மூணாவது ஆட்டத்தில் அவனுக்குக் குதிரையே வேணாம்னுட்டான். யானை, காலாள், கப்பல். அப்படியே 2022 பதிப்புக்கு வந்து நின்னுட்டான். அதுலதான் ஜெயிச்சான், கடுப்பு!

எங்க விதியில ஒரு பெரிய ஓட்டை இருக்கு. ஜெயிக்கணும்னா குதிரை வாங்காம இருக்கிறதே புத்திசாலித்தனம்னு ஆகுது. நிஜப் பாண்டியர் அப்படி நினைக்கல, தலைமுறை தலைமுறையா வாங்கிக்கிட்டே இருந்தாங்க. பக்கத்து ராஜா வாங்குறான், அஞ்சு அண்ணன் தம்பியில ஒருத்தன் வாங்கினா மத்த நாலு பேரும் வாங்கித்தான் ஆகணும். அந்த நெருக்கடி மேசையில வரல. அதனால இரண்டாம் பதிப்பில் ரெண்டு பேர் பாண்டியனா விளையாடணும், அண்ணன் ஒருத்தன், தம்பி ஒருத்தன். காயல் துறை ஒண்ணுதான், வர்ற கப்பலும் ஒண்ணுதான். யார் அதிக விலை கேக்கிறானோ அவனுக்கு. பகடையிலும் இனி 1, 2 விழுந்தா மட்டும் சாவு. அப்போதான் மாலிக் கஃபூர் வர்றப்போ எடுத்துட்டுப் போக ஏதாவது மிஞ்சும். குதிரை வியாபாரியா யாராவது உக்காரணும், அதுக்கு ஆள் இன்னும் கிடைக்கல. நாலு பேருமே அந்த இடத்தைத்தான் கேக்கறாங்க, அதுதான் பிரச்சினை.